ஜிப்லியோதெக்: இரண்டு நண்பர்கள், இரண்டு இயக்குநர்கள்

ஸ்டுடியோ ஜிப்லி படங்களைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் ஒரு பெயரைத்தான் சொல்கிறேன்: ஜிப்லியோதெக். மைக்கேல் லீடர், ஜேக் கன்னிங்ஹாம் என்ற இரண்டு பிரிட்டிஷ் நண்பர்கள் சேர்ந்து எழுதி, லண்டனின் வெல்பெக் பதிப்பகம் 2021இல் வெளியிட்ட புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள். ஜிப்லி நிறுவனத்தின் அதிகாரபூர்வ வெளியீடு இல்லை; அட்டையிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்கள். 1984இல் வந்த 'நௌசிகா'வில் தொடங்கி 2020இல் வந்த 'இயர்விக் அண்ட் த விட்ச்' வரை ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அத்தியாயம்.

இந்தப் பதிவை எழுத எனக்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கிறது. இந்தப் புத்தகத்தை வாசித்த பிறகு ஜிப்லி என்ற பெயரைக் கேட்டால் என் மனதில் ஓர் ஆள் வருவதில்லை, இரண்டு பேர் வருகிறார்கள். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் புத்தகம் எழுதப்பட்டிருக்கும் விதம். இது 2018இல் தொடங்கிய ஒரு பாட்காஸ்டிலிருந்து பிறந்தது. மைக்கேல் ஜிப்லி படங்களில் ஊறியவர். ஜேக் அவற்றைப் புதிதாகப் பார்க்க வந்தவர். ஊறியவர் ஒவ்வொரு படமாக எடுத்துக் கொடுக்க, புதியவர் பார்த்துவிட்டு வந்து பேசுவார். புத்தகத்திலும் அந்தப் பங்கீடு அப்படியே தொடர்கிறது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதலில் மைக்கேல் அந்தப் படம் உருவான கதையைச் சொல்கிறார்: யார் தொடங்கினார்கள், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே தடைபட்டது, வெளியானபோது என்ன நடந்தது. அடுத்து ஜேக் அந்தப் படத்தை விமர்சிக்கிறார்.

கேட்பதற்கு எளிய ஏற்பாடுதான். ஆனால் சினிமாப் புத்தகங்களில் இந்த இரண்டும் வழக்கமாக ஒரே குரலில் கலந்துவிடும். தயாரிப்புக் கதையை உருகி உருகிச் சொல்லும் ஒருவரால் அதே மூச்சில் "படம் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல முடியாது. உழைப்பைப் பற்றி அவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு மனம் வராது. இங்கே உழைப்பைச் சொல்பவர் ஒருவர், திரையில் வந்ததை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் இன்னொருவர். வாசிப்பவருக்கு இருவருக்கும் நடுவில் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. ஜேக்கின் சில தீர்ப்புகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவரோடு வாதாடிக்கொண்டே படித்தேன், அதுவே எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டாவது விஷயம் அத்தியாயங்களின் வரிசை. இயக்குநர் வாரியாகப் பிரிக்காமல், படங்கள் வெளிவந்த ஆண்டு வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. மியாசாகியின் படங்களை எல்லாம் ஒரு பக்கம் சேர்த்து, மற்றவர்களை "மேலும் சில படங்கள்" என்று பின்னால் தள்ளும் வழக்கம் எங்கும் இருக்கிறது. ஆண்டு வரிசையில் வைத்தால் அப்படித் தள்ள முடியாது. 1988க்கு வந்ததும் 'மை நெய்பர் டோடோரோ'வும் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' படமும் பக்கத்துப் பக்கத்து அத்தியாயங்களாக வந்து நிற்கின்றன. ஒன்று ஹயாவோ மியாசாகி எடுத்தது. மற்றது இசாவோ டகஹாட்டா எடுத்தது.

நம்மில் பலருக்கும் ஜிப்லி படங்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று யோசித்துப் பாருங்கள். 2020 பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை, மாதத்துக்கு ஏழு படங்களாக மொத்தம் 21 படங்களை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. மூன்றாவது தவணை வந்தபோது ஊரடங்கு. வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில்தான் நம் ஊர்க் குழந்தைகள் பலர் டோடோரோவைச் சந்தித்தார்கள், அவர்களோடு உட்கார்ந்திருந்த பெரியவர்களும்தான். ஆனால் அந்த 21 படங்களில் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' கிடையாது. அதற்குப் பணம் போட்டது ஷின்சோஷா என்ற புத்தகப் பதிப்பகம், உரிமையும் தனியாக அவர்களிடம் இருந்தது. 2024 செப்டம்பரில்தான் அந்தப் படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து சேர்ந்தது. ஆக, நான்கரை ஆண்டுகள் டோடோரோ மட்டும் தன் ஜோடி இல்லாமல் நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜோடி என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் இந்த இரண்டு படங்களும் ஒரே டிக்கெட்டில், ஒன்றன் பின் ஒன்றாகத் திரையிடப்பட்டன. காட்டுக்குள் பெரிய உரோம உடம்போடு தூங்கும் ஒரு பிராணியைப் பற்றிய படம் ஒன்று. 1945இல் அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளில் தாயை இழந்து, பசியில் சாகும் அண்ணன் தங்கையைப் பற்றிய படம் இன்னொன்று. இரண்டையும் ஒரே அமர்வில் பார்த்துவிட்டு வெளியே வந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

இப்படி ஓர் இணைப்பு எப்படி நடந்தது என்பதற்குப் பின்னால் டோஷியோ சுசூகி இருக்கிறார். அப்போது அவர் டோக்குமா ஷோட்டன் பதிப்பகத்தில் பத்திரிகையாளர், பிற்பாடு ஜிப்லியின் நிரந்தரத் தயாரிப்பாளர். டோடோரோ கதையை முதலில் மேலிடம் ஏற்கவில்லை. நாட்டுப்புறத்தில் இரண்டு சின்னப் பெண்களும் ஒரு பிராணியும், இதை யார் பார்ப்பார்கள் என்ற தயக்கம். அப்படியானால் டகஹாட்டாவின் படத்தையும் சேர்த்து இரண்டாகக் கொடுப்போம் என்று சுசூகி போனார். பூதம் ஒன்று போதாதென்று இப்போது கல்லறையும் வேறா என்ற கேள்விதான் பதிலாக வந்தது. பிறகுதான் ஷின்சோஷா உள்ளே வந்தது. அகியுகி நோசாகா 1967இல் எழுதிய மூலக்கதையின் பதிப்பாளர்கள் அவர்கள். இலக்கியத்தில் மதிப்புள்ள ஒரு பதிப்பகம் முன்வந்ததும் டோக்குமாவும் சம்மதித்தது. இன்றைக்கு ஜிப்லியின் சின்னமாகவே ஆகிவிட்ட டோடோரோ, ஒரு கல்லறையின் துணையோடுதான் உலகத்துக்குள் வந்தது.

இரண்டு படங்களையும் தலா ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பதாகத்தான் திட்டம். டகஹாட்டாவின் படம் நீள ஆரம்பித்தது. உடனே மியாசாகியும் நீட்டினார். கடைசியில் டோடோரோ 86 நிமிடம், மற்றது 89 நிமிடம். நீட்டுவதற்காக மியாசாகி செய்த மாற்றங்களில் ஒன்று, கதையில் இருந்த ஒரே சிறுமியை அக்கா, தங்கை என்று இரண்டு பேராகப் பிரித்தது. அந்தப் புகழ்பெற்ற சுவரொட்டியில், மழையில் பேருந்து நிறுத்தத்தில் டோடோரோவுக்குப் பக்கத்தில் நிற்பது பிரிக்கப்படுவதற்கு முந்தைய அந்தச் சிறுமிதான். என் அக்கா மகளுக்கு அந்தச் சுவரொட்டியைக் காட்டியபோது, "சித்தி, இது சட்சுகியும் இல்ல, மேயும் இல்லையே, யாரு இது?" என்று கேட்டாள். எத்தனையோ முறை அந்தப் படத்தைக் கடந்து போயிருக்கும் பெரியவர்கள் பலர் கவனிக்காததை அவள் ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். காரணத்தைச் சொன்னதும் படத்தை மறுபடி போடச் சொல்லி, எந்தக் காட்சியெல்லாம் முதலில் ஒரே சிறுமிக்காக இருந்திருக்கும் என்று அவளாகவே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரே நேரத்தில் இரண்டு முழுநீளப் படங்கள் என்றால் ஆட்கள் வேண்டும். யோஷிஃபூமி கோண்டோ என்ற அற்புதமான அனிமேட்டரை இருவருமே கேட்டார்கள். கோண்டோ டகஹாட்டாவிடம் போனார். அந்தப் படத்தின் தங்கை, நான்கு வயது செட்சுகோவின் நடை, அவள் உட்காரும் விதம், சாக்குமா மிட்டாய் டப்பாவைக் குலுக்கும் கை எல்லாம் அவர் பொறுப்பில் உருவானவை. பின்னணி ஓவியர் கசுவோ ஓகா மியாசாகியிடம் போனார். டோடோரோவின் கற்பூர மரமும் வயல் வரப்பும் மேகங்களும் அவருடையவை. வண்ணங்களை நிர்ணயித்த மிச்சியோ யசூடா 'ஃபயர்ஃப்ளைஸ்' படத்தில் உருவங்களின் புறக்கோட்டைக் கறுப்பில் இல்லாமல் பழுப்பில் கொண்டுவந்தார். ஜோடியாக வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த வேறுபாடு உறைக்கிறது. கறுப்புக் கோடு உருவத்தைப் பின்னணியிலிருந்து வெட்டித் தனியாக நிறுத்தும். பழுப்புக் கோடு அப்படி நிறுத்தாது. எரிந்த நகரத்தின் நிறத்துக்குள் அந்தப் பிள்ளைகள் கரைந்துகொண்டே இருக்கிறார்கள்.

டகஹாட்டாவுக்கு அது கற்பனை இல்லை. 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரத்தின் மீது குண்டு விழுந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பெற்றோரைப் பிரிந்து ஒரு சகோதரியோடு தீக்குள் ஓடித் தப்பியவர். ஆனாலும் இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம் என்று அவர் தொடர்ந்து சொல்லிவந்தார். அந்தப் பிள்ளைகள் ஊராரிடமிருந்து விலகித் தனியே வாழ முயல்வதும், அது எப்படி முடிகிறது என்பதும்தான் அவருக்கு முக்கியமாக இருந்தது. அவர் எல்லாப் படங்களிலும் அப்படித்தான். நம்மை அழவைத்துவிட்டு விடுவதில் அவருக்குத் திருப்தி கிடையாது. அழுததற்குப் பிறகு யோசிக்க வேண்டும்.

இந்த இருவரின் உறவு ஜிப்லிக்கு வெகுகாலம் முந்தையது. டகஹாட்டா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். 1959இல் டோயெய் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் ஓவியர் அல்ல. அனிமேஷன் உலகில் வரையாத இயக்குநர் என்பது அபூர்வம். மியாசாகி 1963இல் அங்கே வந்தவர், கை ஓயாமல் வரைபவர். தொழிற்சங்க வேலைகளில் நெருங்கினார்கள். 1968இல் வந்த 'ஹோரஸ்' படத்தில் டகஹாட்டா இயக்குநர், மியாசாகி அவருக்குக் கீழே காட்சி வடிவமைப்பாளர். 2018 ஏப்ரலில் டகஹாட்டா இறந்தார். மே 15 அன்று ஜிப்லி அருங்காட்சியகத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் மியாசாகி பேசியபோது, 1963இல் மழைக்குப் பிந்தைய ஒரு பேருந்து நிறுத்தத்தில் தான் அவரை முதன்முதலாகச் சந்தித்துப் பேசியதை நினைவுகூர்ந்தார். 55 ஆண்டு நட்பு.

அந்த நட்பு ஜிப்லியையே உருவாக்கிய கதை ஒன்று உண்டு. சுசூகி பலமுறை சொல்லியிருப்பது. 'நௌசிகா' ஓடி மியாசாகி கையில் பணம் வந்ததும், டகஹாட்டா ஒரு படம் எடுக்க அந்தப் பணத்தைக் கொடுத்தார். டகஹாட்டா கியூஷு தீவின் யனகாவா ஊருக்குப் போனார். அது கால்வாய்களால் ஆன ஊர். குப்பையும் சேறும் அடைத்து நாறிக் கிடந்த அந்தக் கால்வாய்களை மூடிவிடலாம் என்று ஒரு காலத்தில் திட்டமே போட்டுவிட்டார்கள். நகராட்சி ஊழியர் ஒருவரும் ஊர் மக்களும் சேர்ந்து தூர்வாரி மீட்டார்கள். அனிமேஷன் படம் எடுக்கப் போன டகஹாட்டா அந்தக் கதையில் மூழ்கி, ஆவணப்படம் எடுக்க உட்கார்ந்துவிட்டார். ஊர்க் கண்மாயும் வாய்க்காலும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிந்தவர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே திரும்பும், எந்த வீட்டுப் படித்துறையில் யார் எதைக் கழுவுவார்கள் என்று அவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார். நீளம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். பணம் தீர்ந்துபோனது. இனி என்ன செய்வது என்று மியாசாகி கேட்க, இன்னொரு படம் எடுங்கள் என்றார் சுசூகி. அதுதான் 1986இல் வந்த 'காசில் இன் த ஸ்கை'. அதை எடுக்க ஓர் இடம் வேண்டுமென்று 1985இல் தொடங்கப்பட்டதுதான் ஸ்டுடியோ ஜிப்லி.

மைக்கேலின் பகுதிகள் எனக்குப் பிடிப்பது இதற்காகத்தான். படம் என்பது ஒருவர் தலைக்குள் தோன்றி நேரே திரைக்கு வந்துவிடும் சமாச்சாரம் இல்லை. பதிப்பகங்கள், கடன், பொம்மை விற்பனை, நட்பு, கோபம் எல்லாம் அதில் உண்டு. டோடோரோவேகூடத் திரையரங்கில் பெரிதாக ஓடவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சந்தைக்கு வந்த பொம்மைகள்தான் நிறுவனத்துக்குத் தெம்பு கொடுத்தன.

இப்போது படங்களுக்கு வருகிறேன், அதாவது புத்தகத்தில் அச்சாகியிருக்கும் படங்களுக்கு.

ஜிப்லி பற்றி இரண்டு வகைப் படப் புத்தகங்கள் உண்டு. ஒன்று நிறுவனமே வெளியிடும் 'த ஆர்ட் ஆஃப்' வரிசை. ஜப்பானில் டோக்குமா ஷோட்டன், ஆங்கிலத்தில் விஸ் மீடியா. அதில் முதல் யோசனைச் சித்திரங்கள், பின்னணி ஓவியங்கள், பாத்திர வடிவங்கள், எந்த ஆடைக்கு எந்த வண்ணம் என்ற குறிப்புகள் எல்லாம் கிடைக்கும். வரைபவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். ஜிப்லியோதெக் அந்த வகை அல்ல. அது பார்வையாளர்களுக்கான துணை நூல். ஓவியம் கற்க விரும்பும் பிள்ளைக்கு முதலில் சொன்ன வகையில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். படம் பார்ப்பதைக் கற்க இது.

காட்சிகள் தாளில் அசையாமல் நிற்பதில் ஒரு லாபம் இருக்கிறது. நான் இதைப் படிக்கும்போது மடிக்கணினியில் படத்தையும் வைத்துக்கொண்டு, அத்தியாயம் சொல்லும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் எனக்குப் புதிதாகக் கிடைத்தவர் கசுவோ ஓகா. டோடோரோவில் மியாசாகிக்காக வரைந்த அதே ஓகா, டகஹாட்டாவின் 'ஒன்லி யெஸ்டர்டே', 'பாம் போகோ', 'த டேல் ஆஃப் த பிரின்சஸ் ககுயா' ஆகியவற்றிலும் கலை இயக்குநர். ஒரே கைதான், ஆனால் கேட்பவர் மாறும்போது அந்தக் கை எப்படியெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள்.

டோடோரோவின் சட்டகத்தில் காலி இடமே கிடையாது. வேலி ஓரப் புல், அதற்குள் வேறொரு புல், அதற்கடியில் ஈர மண், மேலே இலைகளுக்கு நடுவே விழும் வெயில். ஒரு பச்சைக்குள் எத்தனை பச்சை என்று எண்ணிக்கொண்டே போகலாம். 1991இல் வந்த 'ஒன்லி யெஸ்டர்டே' படத்தில் அவர் இரண்டு விதமாக வரைகிறார். 27 வயது டேக்கோ 1982இல் டோக்கியோவிலிருந்து யமகதா கிராமத்துக்குக் குசும்பப்பூ பறிக்கப் போகும் பகுதி முழுக்க அடர்த்தி. பூவின் முள் கையில் குத்துவதுபோல் இருக்கும். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்த 1966ஆம் ஆண்டின் நினைவுகளில் மட்டும் சட்டகத்தின் ஓரங்கள் வெளுத்து, காகிதத்தின் வெண்மையில் மறைந்துபோகின்றன. நாம் நினைவுபடுத்திக்கொள்ளும்போது அறையின் நடுப்பகுதிதானே மனதில் வருகிறது, மூலைகள் வருவதில்லை.

பிறகு 2013. 'ககுயா'வில் ஓகாவின் பின்னணி பாதிக்கு மேல் வெள்ளை. மூங்கில் காட்டுக்கு நாலு தீற்றல், ஒரு மலைக்கு நீர் கலந்த ஒரே ஒரு வண்ணப் பூச்சு. மனித உருவமும் மரமும் ஒரே தாளில் ஒரே தூரிகையால் வரைந்ததுபோல் இருக்கும். இளவரசி மாளிகையை விட்டு ஓடும் அந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தால் முகமே இல்லை. கரிக்கோடுகளின் கிறுக்கல்தான். ஓடவிட்டால் அந்தக் கிறுக்கல் ஆத்திரமாகிறது. வரையத் தெரியாத இயக்குநர் ஒருவர், தன் ஓவியர்களிடம் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். எட்டு ஆண்டு வேலை, ஏறத்தாழ 500 கோடி யென் செலவு. வசூலில் அது திரும்பி வரவில்லை. ஆனாலும் அந்தப் படம் எடுக்கப்பட்டது. ஒரு ஸ்டுடியோ தன் முதிய கலைஞருக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்?

அந்த ஆண்டும் பழைய ஜோடியைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். மியாசாகியின் 'த விண்ட் ரைசஸ்', டகஹாட்டாவின் 'ககுயா' இரண்டையும் 1988போல் ஒரே நாளில் வெளியிடுவதாகத் திட்டம். டகஹாட்டா முடிக்கவில்லை. மியாசாகி படம் ஜூலையில் வந்தது, ககுயா நவம்பரில் வந்தது. இந்த இழுபறியை உள்ளே இருந்து பார்க்க விரும்புபவர்கள் மாமி சுனாடா எடுத்த 'த கிங்டம் ஆஃப் ட்ரீம்ஸ் அண்ட் மேட்னஸ்' ஆவணப்படத்தைப் பார்க்கலாம். டகஹாட்டா அதில் கொஞ்ச நேரமே கண்ணில் படுகிறார், ஆனால் எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள்.

இவ்வளவையும் படித்துப் பார்த்தபின் எனக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. 2025 மார்ச் கடைசியில், செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் புகைப்படத்தைக் கொடுத்து ஜிப்லி பாணியில் மாற்றித் தரச் சொல்லும் அலை வந்தது. கல்யாணப் படங்கள், சினிமாக் காட்சிகள், குழந்தைகள், தலைவர்கள், எல்லாம் ஒரே வாரத்தில் மாறின. நம் ஊரிலும் முகநூல் முழுக்க அவைதான். ஆசைப்பட்டுச் செய்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, பிடித்த உலகத்துக்குள் நம் வீட்டு முகத்தைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் எந்த ஜிப்லி பாணி அது? பெரிய கண், மெத்தென்ற கன்னம், பின்னால் இளம் பச்சை. மியாசாகியின் சில படங்களின் மேல்தோலை மட்டும் எடுத்துக்கொண்ட ஏதோ ஒன்று. 1999இல் வந்த 'மை நெய்பர்ஸ் த யமடாஸ்' படத்தை அந்தக் கருவிகளிடம் யாரும் கேட்கவில்லை. ஹிசாய்சி இஷியின் நான்கு கட்டப் பத்திரிகைச் சித்திரக் கதையை டகஹாட்டா நீர்வண்ணக் கோடுகளாகவே ஓடவிட்ட படம் அது. முழுக்கக் கணினியில் முடிக்கப்பட்ட ஜிப்லியின் முதல் படமும் அதுதான். கணினியைக் கொண்டு கையின் நடுக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! ஜிப்லிக்குப் பாணி ஒன்று இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு பிடிவாதக்காரர்கள் ஒருவரையொருவர் விடாமல் கவனித்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஒருவர் சட்டகத்தை நிரப்பிக்கொண்டே போனார், மற்றவர் காலி செய்துகொண்டே போனார். மியாசாகி பறக்கவைத்தார். டகஹாட்டா, ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் ஏன் வகுக்க வரவில்லை என்பதைப் பொறுமையாக உட்கார்ந்து காட்டினார்.

அந்தக் கணக்குக் காட்சிக்காகவே 'ஒன்லி யெஸ்டர்டே' படத்தைப் பாருங்கள். டேக்கோ ஆப்பிள் படம் வரைந்து பின்னத்தைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறாள். வகுத்தால் எப்படி எண் பெரிதாகும் என்று அவளுக்கு மண்டையில் ஏறவில்லை. உண்மையில் அது நியாயமான கேள்வி. தலைகீழாக்கிப் பெருக்கு, அவ்வளவுதான் என்கிறாள் அக்கா. வீட்டில் எல்லோரும் அவளுக்கு ஏதோ குறை என்பதுபோல் பேசிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இதே வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்! குடும்பமே சுற்றி உட்கார்ந்து வாழ்வில் முதன்முறையாக அன்னாசிப்பழம் தின்னும் காட்சியும் அப்படித்தான். ஆசையாக அறுத்து, வாயில் வைத்து, ருசி பிடிக்காமல் ஒவ்வொருவராகத் தட்டைத் தள்ளிவைக்க, அவள் மட்டும் பிடிவாதமாக மென்றுகொண்டிருப்பாள். அனிமேஷனில் இதையெல்லாம் எதற்கு எடுக்க வேண்டும் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. 1991இல் ஜப்பானியப் படங்களிலேயே அதிகம் வசூலித்தது இதுதான். ஆனால் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வர 2016 வரை ஆனது. பள்ளிச் சிறுமிகள் மாதவிடாய் பற்றிப் பேசிக்கொள்ளும் காட்சிகள் அங்கே விநியோகத்துக்குத் தடையாக இருந்தன.

பெரியவளான டேக்கோ சிரிக்கும்போது கன்னத்தில் கோடு விழும். நடிகர்களின் குரலை முதலிலேயே பதிவுசெய்து, பேசும்போது அவர்கள் முகத் தசை எப்படி அசைகிறது என்பதைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஜப்பானில் வழக்கமாக முதலில் படம், பிறகு குரல். அந்தக் கன்னக் கோடு சிலருக்கு உறுத்தும். நிறுத்திப் பார்த்தால் அழகாகக்கூட இருக்காது. எனக்கு அது பிடிக்கும். 27 வயதுப் பெண்ணை 27 வயதாகவே காட்ட நினைத்த ஒருவரின் உறுதி அதில் இருக்கிறது.

மியாசாகிக்கும் டகஹாட்டாவுக்கும் அடுத்து யார் என்ற கேள்விக்குப் புத்தகத்தின் நடுவில் ஒரு வலி மிகுந்த அத்தியாயம். மேலே சொன்ன யோஷிஃபூமி கோண்டோ 1995இல் 'விஸ்பர் ஆஃப் த ஹார்ட்' எடுத்தார். டோக்கியோவின் டாமா மலைக் குடியிருப்புகளில் வாழும், எழுத ஆசைப்படும் ஒரு பள்ளி மாணவியின் கதை. அதே டாமா மலைகளை வெட்டிக் குடியிருப்பு கட்டியபோது துரத்தப்பட்ட டனுகி பிராணிகளின் கதைதான் டகஹாட்டா அதற்கு முந்தின ஆண்டு எடுத்த 'பாம் போகோ'. ஆண்டு வரிசையில் வாசிக்கும்போது இரண்டும் ஒட்டி வருகின்றன. முதல் படத்தில் காட்டைப் பறிகொடுத்த துக்கம், அடுத்த படத்தில் அந்த கான்கிரீட் சரிவிலேயே பிறந்து வளர்ந்து அதை ஊராக நேசிக்கும் ஒரு பெண். புறநகர் மனைகளில் வளர்ந்த நம் தலைமுறைக்கு இந்த இரண்டு படங்களும் சேர்ந்து எவ்வளவு சொல்கின்றன! கோண்டோ அந்த ஒரு படத்தோடு போய்விட்டார். 1998 ஜனவரியில், 47 வயதில்.

மியாசாகியின் மகன் கோரோ மியாசாகி எடுத்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ', 'இயர்விக்' இரண்டும் எனக்கு இன்றும் ஒட்டவில்லை. அவற்றின் அத்தியாயங்களை ஒருமுறைக்கு மேல் படிக்கவில்லை, இங்கேயும் அதிகம் சொல்லப்போவதில்லை. அவருடைய 'ஃப்ரம் அப் ஆன் பாப்பி ஹில்' வேறு ரகம், தவறவிட வேண்டாம்.

2021 பதிப்பில் இல்லாத ஓர் அத்தியாயம் எனக்கு வேண்டியிருக்கிறது. 2023இல் வந்து 2024இல் ஆஸ்கர் வென்ற 'த பாய் அண்ட் த ஹெரான்'. அந்தப் படத்தில் கோபுரத்துக்குள் உட்கார்ந்து கல்லடுக்கி உலகத்தை நிறுத்திவைத்திருக்கும் கிழவர், அந்தப் பையனின் கொள்ளுத்தாத்தா வரிசைக்காரர், டகஹாட்டாதான் என்று சுசூகி சொல்லியிருக்கிறார். பையன் மியாசாகி. நாரை, சுசூகியேதான். எடுத்துக்கொண்டிருக்கும்போதே டகஹாட்டா இறந்துவிட, கதையில் அந்தக் கிழவரின் பங்கை மியாசாகி குறைத்தார் என்கிறார் அவர். 'ககுயா'வையும் இந்தப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஜேக் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கு ஆசை.

நீங்கள் புதிதாகத் தொடங்குபவர் என்றால் நான் சொல்லும் வழி இது. முதலில் டோடோரோவைப் பாருங்கள், அதன் அத்தியாயத்தைப் படியுங்கள். மறுநாள் 'ஃபயர்ஃப்ளைஸ்'. ஒரே இரவில் இரண்டும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இரண்டாவதைப் பெரியவர்கள் மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகு 'ஒன்லி யெஸ்டர்டே'. அதில் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். டேக்கோ என்ன முடிவெடுக்கிறாள் என்பதை டகஹாட்டா அங்கேதான் வைத்திருக்கிறார்.